பருப்பு வெந்த எட்டு மாதங்கள்

அப்பா,

இன்று காலை குக்கர் மூடியைத் திறந்தேன். துவரம்பருப்பு இருந்த இடம் தெரியாமல் கரைந்து கிடந்தது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் கலந்த ஆவி முகத்தில் அடித்ததும், எடுத்த மத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். கடைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நான் இப்போது தர்மபுரி டவுனில் இருக்கிறேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. பருப்பு வேகாத ஊர் ஒன்று இருந்தது என்று சொன்னால், பக்கத்து வீட்டு மருமகள் நான் கதை விடுவதாக நினைத்துக்கொள்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்திருப்பீர்கள். ஒருவழியாகச் சமைக்கக் கற்றுக்கொண்டாய் என்று குத்தலாக ஒரு வார்த்தையும் வந்திருக்கும்.

நீங்கள் போய் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் எதற்கு நன்றி என்று சொல்லப் புகுந்தால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை வருஷம் தயங்கினேன். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. இனியும் தயங்கிக்கொண்டிருந்தால் நேரிலேயே வந்து சொல்ல வேண்டியதாகிவிடும்.

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே ஆறு மைல் நடந்தால் நம் ஊர். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் நீங்களும் அம்மாவும் சேர்ந்து அந்தக் கிணற்றை வெட்டினீர்கள். நீங்கள் கடப்பாரை போட, அம்மா கூடையில் மண் சுமந்தாளாம். கிணறு எனக்கு அக்கா என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தீர்கள். அக்காவுக்குக் கிடைத்த மரியாதை தங்கைக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. பாறை தட்டிய பிறகும் விடாமல் வெடி வைத்து ஆழப்படுத்தினீர்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணறும் வாய் பிளந்து கிடந்த வருஷங்களில் நம் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. ஊரே வந்து மொண்டுகொண்டு போனது. எந்தத் தெரு, யார் வீட்டு ஆள் என்று நீங்கள் கேட்டதேயில்லை. அதனால்தான் நம் வீட்டுக்குக் கெணத்துக்காரர் வூடு என்று பெயர் வந்தது. உங்கள் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

அந்தத் தண்ணீருக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, அதில் பருப்பு வேகாது. அரை நாள் விறகு எரித்தாலும் முத்து முத்தாக அப்படியே நிற்கும். அம்மா போன பிறகு பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டே நான் சமைக்கத் தொடங்கினேன். தினமும் தட்டில் பருப்பைப் பார்த்துவிட்டு, "இத வெதைச்சா இன்னும் மொளைக்கும் ஆத்தா" என்பீர்கள். மற்றொன்று, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். எனக்கும் விழுந்தது. பல் விளக்காத கழுதைகள் என்று வாத்தியார் பிரம்பை எடுப்பார். நான் அடுப்புக்கரியும் செங்கல் பொடியும் போட்டு ஈறு கிழியத் தேய்த்தேன். கோடு போகவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு பேர் என் பல்லைப் பார்த்துவிட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். நான் உள்ளே போய் அழுதபோது வாசலில் நின்று, அவர்கள் காதில் விழும்படியே சொன்னீர்கள், "பல்லைப் புடிச்சுப் பாத்து வாங்கிட்டுப் போறதுக்கு இதென்ன மாட்டுச் சந்தையா?" என்று.

மூன்றாவதாகப் பொம்மிடியிலிருந்து வந்தவர் என் பல்லைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். மூன்று வருஷம் வாழ்ந்தோம். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் நீங்கள் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டீர்கள். ரயிலில் எதிரில் உட்கார்ந்து, மொரப்பூர் வரும்வரை வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தீர்கள். எனக்கு அதற்கு மேல் எந்த ஆறுதலும் அன்றைக்கு வேண்டியிருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்தது. அமைப்பாளர் வேலைக்குக் கணவனை இழந்தவர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், விண்ணப்பத்தை எழுதவைத்து, பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தது நீங்கள்தான். நம் நிலத்தை ஒட்டித்தான் பள்ளிக்கூடம். சமையலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றபோது, நம் மோட்டாரிலிருந்து குழாய் இழுத்துப் பள்ளிக்கூடத்து வாசலில் போட்டீர்கள். அந்தக் குழாயிலேயே ஊர்ப் பெண்களும் குடம் பிடித்தார்கள். முதல் நாள் எழுபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டதை நீங்கள் ஒரு மூலையில் நின்று பார்த்தீர்கள். அன்று உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அன்றே உங்களால் சரியாக நிமிர முடியவில்லை. முதுகு வளைந்துவிட்டது. பிறகு கழுத்து இறுகிப் போனது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால், மாட்டுவண்டியைத் திருப்புகிற மாதிரி உடம்பை முழுசாகத் திருப்பித்தான் பார்ப்பீர்கள். குந்தி உட்கார முடியாமல் போனது. அடுத்த வருஷம் கால்கள் கேட்காமல் போய்க் கட்டிலில் விழுந்தீர்கள். அதிலிருந்து ஐந்து வருஷம். காலையில் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, பத்து மணிக்குச் சத்துணவு மையத்துக்கு ஓடுவது, நடுவில் வந்து பார்ப்பது, சாயங்காலம் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது என்று நாள் போனது. கஷ்டப்பட்டேன் என்று சொன்னால் பொய். சலித்துக்கொண்டேன் என்பது உண்மை. நான் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் நீங்கள் கண்ணை மூடித் தூங்குவது போலப் பாவனை செய்வீர்கள். அந்தப் பாவனை எனக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

முதல் முறை குளிப்பாட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? பெற்ற மகள் முன்னால் கோவணத்தோடு கிடக்க வேண்டியிருக்கிறதே என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டீர்கள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. நான் சொம்பை வைத்துவிட்டு, "சின்னப் புள்ளையில என்னைக் கழுவிவுட்டீங்களே, அன்னிக்கு நான் கண்ண மூடிக்கிட்டனாங்கப்பா?" என்று கேட்டேன். நீங்கள் மூடிய கண்ணோடே சிரித்தீர்கள். அதற்குப் பிறகு கூச்சம் போய் அதிகாரம் வந்துவிட்டது. முதுகில் இங்கே தேய், அங்கே விட்டுவிட்டாய் என்று நீங்கள் படுத்திய பாடு கொஞ்சமா?

சேலத்தில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் காட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். வண்டியில் வைக்கோல் பரப்பி உங்களைக் கிடத்தி, மொரப்பூரில் ரயில் ஏற்றிக் கொண்டுபோனேன். படம் எடுத்தார்கள். உங்களை வெளியே பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் வாயைப் பார்த்தார். பல்லைக் காட்டச் சொன்னார். எந்த ஊர், கிணறு எத்தனை ஆழம் என்று கேட்டார். பிறகு படத்தைத் தூக்கிக் காட்டினார். உங்கள் முதுகெலும்பு சுண்ணாம்பு பூசிய தூண் மாதிரி வெள்ளையாக இருந்தது.

தண்ணீர்தான் காரணம் என்றார். பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீரில் புளோரைடு என்று ஓர் உப்பு இருக்கிறதாம். அது பல்லில் கோடு போடுகிறது, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பை இறுக்கி வளைத்துவிடுகிறது. வந்ததைப் போக்க மருந்து இல்லை. இனியாவது வேறு தண்ணீர் குடிக்க வேண்டும், சமைக்கவும் அதையே எடுக்க வேண்டும். மேலோட்டமான ஊற்றுத் தண்ணீர், ஏரிக்கரைத் தண்ணீர் இருந்தால் நல்லது. நான் எழுந்தபோது, "உங்க ஊருல எல்லாருக்கும் சொல்லுங்கம்மா. கொழந்தைங்க இருக்குற வூடுங்களுக்கு முதல்ல சொல்லுங்க" என்றார். சரிங்க என்று தலையாட்டினேன்.

வெளியே வந்தேன். என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். வாதம் என்று சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்பா இத்தனை வருஷமாக எழுத முடியாமல் வைத்திருந்தேன். உங்கள் மனசு உடைந்துபோகும் என்று நினைத்தேன். அது உண்மை. நீங்கள் வெட்டின கிணறு உங்களையே முடக்கிப் போட்டது, என் பல்லையும் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அது மட்டுமில்லை. அந்தக் குழாய்த் தண்ணீர் கெட்டது என்றால் மையத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களோ, என் வேலை போய்விடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஒரு குடத்தோடு ஏரிக்கரைக்கு நடந்தேன். அங்கே ஆழமில்லாத பழைய கிணறு ஒன்று இருந்தது. போக வர மூன்று மைல். எதிரே வருகிறவர்கள் கேட்டால், அப்பாவுக்குக் கஷாயம் காய்ச்சுவதற்கு என்று சொன்னேன். அந்த ஒரு குடத்தில் உங்களுக்குக் குடிக்கக் கொடுத்து, உங்களுக்கு மட்டும் தனியாகச் சமைத்தேன். நான் நம் கிணற்றுத் தண்ணீரையே குடித்தேன். இரண்டாவது குடம் சுமக்க எனக்குத் தெம்பில்லை. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய், நம் குழாயைத் திறந்து, எழுபது பிள்ளைகளுக்கும் அதே தண்ணீரில் உலை வைத்தேன். தட்டோடு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் இருக்கும் கோட்டைப் பார்க்காமல் கரண்டியைப் பார்த்துக்கொண்டே பரிமாறக் கற்றுக்கொண்டேன். இப்படி எட்டு மாதம்.

எட்டு மாதமும் உங்கள் தட்டில் பருப்பு வெந்திருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. ஏரிக்கரைத் தண்ணீரில் பருப்பு இரண்டு கொதியில் மலர்ந்துவிடும். வெதைச்சா மொளைக்கும் என்கிற பேச்சு நம் வீட்டில் நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. உடம்பு முடியாமல் கிண்டலை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். முப்பது வருஷம் அந்தத் தண்ணீரில் பருப்போடு மல்லுக்கு நின்றவரிடம் தண்ணீரை மாற்றிவிட்டு, தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் கட்டிலைப் புங்கமரத்தடியில் போடச் சொன்னீர்கள். அங்கிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து வாசல் தெரியும். சத்துணவுச் சாம்பார் கொஞ்சம் சாப்பிட ஆசையாக இருக்கிறது, ஒரு கிண்ணத்தில் கொண்டுவா என்றீர்கள். கட்டிலில் விழுந்த பிறகு ஆசை என்று நீங்கள் எதையும் கேட்டதில்லை. சந்தோஷமாக ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். நீங்கள் சாம்பாரை வாயில் வைக்கவில்லை. ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினீர்கள். அது நசுங்கவில்லை.

"வேகல" என்றீர்கள்.

மொத்தமாகச் சமைப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று ஏதோ சொன்னேன்.

"வூட்டுல எட்டு மாசமா வேவுதே."

உங்களால் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புளோரைடு, சுண்ணாம்பு மாதிரி எலும்பு, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு முதலில் சொல்லச் சொன்னது, என் வேலை போய்விடும் என்று பயந்தது எல்லாவற்றையும். நீங்கள் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுவீர்கள், உன் அக்காவே என்னை இப்படிப் பண்ணிவிட்டாளே என்று புலம்புவீர்கள் என்று பயந்திருந்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பருப்பையே விரலில் உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்கு எதுக்கு ஆத்தா நல்ல தண்ணி? நான் வளைஞ்சு முடிஞ்சவன். இனி வளையப் போறது அதுங்கதான."

திட்டியிருக்கலாம் அப்பா. ஓங்கி ஓர் அறை கொடுக்கக் கை எழாவிட்டாலும், வாய் இருந்ததே. அன்று முழுக்க நீங்கள் ஏரிக்கரைத் தண்ணீரைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் இறக்கச் சொன்னீர்கள். பெண்கள் குடத்தோடு நிற்கிற நேரம். எதிர் வீட்டு முனியம்மா அக்கா தன் மகளோடு முதல் ஆளாக நின்றிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஏழு வயசு. முன்பல் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி எல்லாரும் கூடிவிட்டார்கள். நீங்கள் வானத்தைப் பார்த்தபடி, தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னீர்கள். இந்தத் தண்ணீரில் விஷமான உப்பு இருக்கிறது. என்னை இப்படிப் போட்டது இதுதான். இன்றிலிருந்து யாரும் இதைக் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு ஊற்றாதீர்கள். இவ்வளவும் நான் எதிர்பார்த்தது. அடுத்ததை எதிர்பார்க்கவில்லை.

"டாக்டரு எங்கிட்டத்தான் சொன்னாரு. எட்டு மாசமா எனக்குத் தெரியும். கெணத்துப் பேரு கெட்டுருமேன்னு நான்தான் சொல்லாம வெச்சிருந்தேன். எம்மவளுக்கு நேத்துத்தான் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே, கட்டிலில் கிடந்த கையை மட்டும் ஒரு சாண் உயரம் தூக்கினீர்கள். சின்ன வயசில் விருந்தாளிகள் முன்னால் நான் வாயடிக்கும்போது தூக்குகிற அதே கை. என் வாய் மூடிக்கொண்டது. அதுதான் என் இரண்டாவது தப்பு. பழியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் எடுத்துக்கொள்ள விட்டேன்.

ஊர் இரண்டாகப் பேசியது. கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரில் என்ன விஷம் என்று சிலர். தெரிந்தே எட்டு மாதம் குடிக்கவைத்தாரே என்று சிலர். முனியம்மா அக்கா அன்றிலிருந்து நம் வாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். உங்கள் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் என்று நினைத்து மனசுக்குள் வெந்தேன். தலைமையாசிரியர் மனு எழுதினார். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், டாக்டர் சொன்னது சரி என்று முடிவு வந்தது. என் வேலை எங்கும் போகவில்லை. நான் பயந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போனது. நம் மாட்டுவண்டியில் இரண்டு டிரம்மை ஏற்றி, ஏரிக்கரைத் தண்ணீரைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர நீங்கள் ஏற்பாடு செய்தீர்கள். ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு வண்டி, சைக்கிள் என்று அங்கேயே போகத் தொடங்கினார்கள். நம் குழாயடி காலியானது. வயலுக்கு மட்டும் தண்ணீர் பாய்ந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்தது ஒரு வருஷமும் சில மாதங்களும். அந்த நாட்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மறைக்க ஒன்றுமில்லாததால் வீடு லேசாக இருந்தது. பழைய கிண்டல் திரும்ப வந்தது. பருப்பு கரைந்துவிட்டது, பல்லுக்கு வேலையே வைக்க மாட்டாயா என்று எதிர்ப்பக்கமாகத் திட்டினீர்கள். ஆனால் ஒரு பிடிவாதம் மட்டும் பிடித்தீர்கள். காலையில் எழுந்ததும் நான் டம்ளரை வாயருகே கொண்டுபோனால், "பள்ளிக்கூடத்து வண்டி வந்துருச்சா?" என்று கேட்பீர்கள். வந்துவிட்டது என்றால்தான் வாயைத் திறப்பீர்கள். லீவு நாள் என்றால் உடனே குடிப்பீர்கள். வண்டி தாமதமானால் ஒன்பது மணி வரைக்கும் வறண்ட வாயோடு கிடப்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒருநாளாவது வராமலே வந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். சொன்னதில்லை. அந்தக் குழாயடிக்குப் பிறகு உங்களிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் உங்களுக்கு மூச்சு மேல்மூச்சாக இருந்தது. தலையை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தேன். கண்ணாலேயே கேட்டீர்கள். ஏரிக்கரைப் பாதை சேறாகிக் கிடந்தது. வண்டி வரவில்லை.

"இன்னும் வரலைங்கப்பா" என்றேன்.

"வரட்டும்" என்றீர்கள்.

வண்டி அரை மணி நேரம் கழித்து வந்தது. நீங்கள் இல்லை. கடைசி வாய்த் தண்ணீர்கூட இறங்காமல் அனுப்பிவிட்டேனே என்று பல வருஷம் என்னையே அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. உங்களைப் பொய் சொல்லிக் குடிக்கவைத்திருந்தால் அந்தத் தண்ணீர் எனக்குத்தான் தொண்டையில் நின்றிருக்கும்.

மழையிலும் ஆட்கள் வந்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தார்கள். உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக நம் வாசலை மிதிக்காத முனியம்மா அக்கா எழுந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நம் கிணற்றுக்கு நடந்தாள். அவள் பின்னாலேயே மற்ற பெண்களும் நடந்தார்கள். ஏழெட்டுக் குடம் நிரம்பி வந்து வாசலில் இறங்கியது. அவர் வெட்டின தண்ணியிலதான் அவரைக் குளிப்பாட்டணும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துப் புறக்கடைக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது என்னிடம். மறைத்தது நான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. உன் பிள்ளைக்குத் தெரிந்தே ஊற்றியது நான்தான். அவர் மேல் கோபப்படாதே, இன்றைக்காவது படாதே என்று கதறினேன்.

முனியம்மா அக்கா ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"தெரியும் புள்ள. எட்டு மாசமா ஏரிக்கரைக்கும் வூட்டுக்கும் கொடம் தூக்கிட்டு அலைஞ்சது நீதான? கட்டில்ல கெடந்தவரா அலைஞ்சாரு? அன்னிக்குக் கொழாயடியில அவரு சொல்லும்போதே எங்க எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. எங்கோவம் உம்மேலதான் இருந்துச்சு. அவருமேல யாருக்குக் கோவம்?"

பிறகு சொன்னாள், "அந்த மனுசனுக்குப் பொய் சொல்லவே வரல. மவளுக்காகச் சொல்றாரேன்னு எல்லாரும் நம்புன மாதிரி நின்னோம்."

அப்பா, உங்கள் வாழ்நாளில் நீங்கள் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதை ஓர் ஆள்கூட நம்பவில்லை. குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தனை பேரும், தங்கள் பிள்ளைகளின் பல்லைக் கெடுத்தவளை உங்கள் முகத்துக்காக அன்றைக்குச் சும்மா விட்டார்கள். நீங்கள் அவர்களுக்குக் கொடுத்த தண்ணீர் கெட்டதாக இருந்தது. நீங்கள் கொடுத்த விதம் கெட்டதில்லை. அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகளுக்குத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அதே பள்ளிக்கூடத்தில் உலை வைத்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகப் பிள்ளை சேர்க்க வருகிற அம்மாக்களை உட்காரவைத்து, குடிக்கிற தண்ணீரைப் பற்றிச் சொல்வேன். சொல்லிவிட்டு என் பல்லைக் காட்டுவேன். கடைசியாக, தெரிந்தும் எட்டு மாதம் நானே இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதை ஊற்றினேன் என்பதையும் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருத்தி ஒரு வருஷம் தன் பிள்ளையை என் பந்திக்கு அனுப்பவே இல்லை. வேலைக்கு வந்த புதுப் பெண்கள், இதையெல்லாம் ஏன் அக்கா சொல்கிறீர்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள்.

எங்கள் அப்பா இருந்தால் அவர் செய்ததாகச் சொல்லிவிடுவார், அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன் என்பேன்.